சவேரியின் வாக்குமூலம்

காப்பக ஊழியர் குணசீலன் அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் இறக்கியபோதே தையல்நாயகிக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தடவை சரியான காகிதம்தான் வந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டுக் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவள். ஜில்லா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். கீழ்க்கோர்ட்டில் ஜனங்கள் தமிழில் சொன்ன சாட்சியங்களை அப்பீலுக்காக ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்புவதுதான் வேலை. ஒரு கட்டின் கனத்தை வைத்தே அதில் எத்தனை பேர் அழுதிருப்பார்கள் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, இப்போது பிறத்தியாருடைய பூட்டன் பூட்டிகளைத் தேடிக் கொடுக்கிறாள், அதிலும் அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஆவணக் காப்பகத்தில் நுழைந்தாலே குணசீலன் எழுந்து சீட்டை வாங்கிக்கொள்வார். "ரெண்டு மூணு பக்கம் உதிர்ற மாதிரி இருக்கு மேடம், பார்த்துத் திருப்புங்க" என்றார் இன்றைக்கு. "கைக்குழந்தையத் திருப்பிப் போடுற மாதிரி திருப்புறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. இறங்கட்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான், அதைக் காதில் செருகிக்கொண்டாள், அப்படிச் செருகுவது தச்சர்கள் பழக்கம் என்று கோர்ட்டில் ஹெட் கிளார்க் சிரிப்பார், சிரிக்கட்டும், தச்சு வேலைதான் இதுவும், ஒருவர் வாயில் இருந்து வந்ததை இழைத்து இன்னொரு பாஷையின் துளைக்குள் பொருத்துவது. மணி பதினொன்று. ஐந்து மணிக்குள் நாகப்பட்டினத்துக்கு ஒரே ஒரு வார்த்தை போனில் சொல்லியாக வேண்டும். அந்த வார்த்தை இந்தக் கட்டுக்குள் இருக்கிறது. இருந்தால்.

இருக்கும். கட்டின் நாடாவை அவிழ்த்தாள். பூஞ்சையும் பழைய மையும் கலந்த வாசனை தொண்டைவரை வந்தது. முதலில் உயில், அது ஏற்கெனவே அவளுக்கு மனப்பாடம், வேறொரு பதிவேட்டில் நகல் இருந்தது. கேப்டன் ஹ்யூ மெரிடன், அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர், சூசன்னா என்கிற, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பலை நாகப்பட்டினத்துக்கும் கடலுக்கு அப்பால் உள்ள அச்சேக்கும் நடுவில் பதினான்கு வருஷம் ஓட்டியவர். 1811-இல் திரும்பிவரும் வழியில், கரைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காய்ச்சலில் கப்பலிலேயே இறந்துபோனார். கொண்டுவந்து ஊரில் புதைத்தார்கள். உயிலில் இரண்டே பக்கம். கடற்கரைத் தெருவில் உள்ள என் வீட்டை என் மனைவிக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் விட்டுப்போகிறேன். அவ்வளவுதான், பேர் எழுதவில்லை. அட மனுஷா, பேரை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா, இருநூறு வருஷமாக இத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே. எழுதத் தோன்றியிருக்காது. ஒரே பெண்டாட்டி உள்ளவன் பெண்டாட்டி என்றுதானே சொல்வான், இன்ன பெண்டாட்டி என்றா சொல்வான். அவளுக்கு அப்படித்தான் பட்டது, முதல் நாளே. ஆனால் கேப்டனுடைய தம்பி அப்படி நினைக்கவில்லை. அண்ணனுக்கு மனைவியே கிடையாது, வீட்டில் இருந்தவள் விலைக்கு வாங்கிய அடிமை, ஆகவே வீடு எனக்கு என்று வழக்குப் போட்டார். ஜெயித்தார். அந்த வீட்டில் இருந்தவளுடைய பேர் ஒரு காகிதத்தில் ஷெவரி, இன்னொன்றில் சாவரி, மூன்றாவதில் சேவோரி. மூன்றையும் ஒரு தாளில் கீழே கீழே எழுதி உரக்கப் படித்தபோது நாலாவதாகத் தன் வாயே சரியாகச் சொல்லிவிட்டது, சவேரி. சவேரியம்மாள். அன்றைக்கு அறையில் தனியாகச் சிரித்தாள். ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் இருந்து ஒரு தமிழச்சியை மீட்டு எடுத்த மாதிரி இருந்தது.

டோரீன் மிஸ்ஸுக்கு அன்றைக்கே போன் செய்தாள். இந்தத் தேடலை ஒப்படைத்தவர் அவர்தான், டோரீன் மெரிடன், எழுபத்துமூன்று வயது, பெரம்பூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சவேரியின் மகன் வழியில் ஆறாவது தலைமுறை. அந்தப் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "சவேரியா? எங்க வீட்ல அவளுக்குப் பேரே இல்ல நாயகி, தெரியுமா? 'வாங்கினவ', அவ்ளோதான். நான் கொஞ்சம் கலர் கம்மியா பொறந்தேன். கோவம் வந்தா எங்க ஆன்ட்டி மேபல் சொல்லுவா, வெலைக்கு வாங்கின ரத்தம் மூஞ்சில தெரியுது பார்னு. அப்ப எனக்கு ஏழு வயசு" என்றார். ஏழு வயதில் சொன்னது எழுபத்துமூன்றிலும் குரலில் அப்படியே இருந்தது. நாகப்பட்டினத்தில் கேப்டன் கல்லறைக்குப் பக்கத்தில் அவள் பேருக்கும் ஒரு கல் வைக்க வேண்டும் என்பது டோரீனின் ஆசை, அவளை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது, இருந்தாலும் கல்லாவது சேர்ந்து இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்கப் போகிறார். கல்லில் பேர் வெட்டியாகிவிட்டது, பேருக்கு மேலே ஒரு வரி காலி. மனைவியா, இல்லையா. பொய் எழுத மாட்டேன் என்று டோரீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கல்லுல பொய் எழுதினா அழிக்க முடியாது நாயகி. தெரியலன்னா வெறும் பேர் போதும்." அந்தக் கண்டிப்புக்காகவே தையல்நாயகிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

உயிலுக்கு அடியில் தீர்ப்பின் சுருக்கம், இதுவும் பார்த்ததுதான், மூன்று மாதமாகத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பது. கேப்டன் தன்னைக் கட்டியதாக அந்தப் பெண்ணே ஒப்புக்கொள்கிறாள், ஆகவே அவள் கட்டுப்பட்டவள், அதாவது அடிமை, என்று ஒரே வரி. கட்டினார். ஆங்கிலத்தில் கயிற்றால் பிணைப்பதற்கு உள்ள சொல்லைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நிமிஷமே தையல்நாயகிக்கு உள்ளே ஏதோ துள்ளியது. ஆனால் துள்ளலை நம்பக் கூடாது. சுருக்கத்தை நம்பக் கூடாது. சாட்சி என்ன சொன்னாள் என்பது முழுசாக வேண்டும், கேள்வி பதிலாக வேண்டும். அதைத்தான் மூன்று மாதமாகச் சீட்டு எழுதி எழுதிக் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் வேறு யாருடைய தோப்புத் தகராறோ வந்து சேர்ந்தது. இன்றைக்கு, இதோ, தீர்ப்பைப் புரட்டினால், நீலம் ஓடிய தடித்த காகிதம், இடது ஓரத்தில் எண்கள், ஒன்று, இரண்டு, மூன்று. வாக்குமூலம். சவேரி என்னும் பெண் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொன்னது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

கேப்டன் மெரிடன் உன்னை எப்படி அடைந்தார். என்னைக் கட்டினார். எதைக்கொண்டு கட்டினார். கயிற்றைக்கொண்டு. எங்கே கட்டினார். கழுத்தில். யார் முன்னிலையில். உபதேசியார் இருந்தார், ஊர்க்காரர்கள் இருந்தார்கள், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் குமாஸ்தாவின் குறிப்பு, கேட்டுக்கொண்டிருந்தவர்களிடையே சலசலப்பு. சலசலக்காமல் என்ன செய்யும், அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த துரைமார்கள் எல்லோரும் கண்முன்னால் பார்த்திருப்பார்கள், கழுத்தில் கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட ஒரு கறுத்த பெண்ணையும், சுற்றி உட்கார்ந்து விருந்து சாப்பிட்ட ஊரையும். சிலருக்கு இரக்கம்கூட வந்திருக்கும். அந்த இரக்கத்தினாலேயே அவள் வீடு போயிற்று. தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது, நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தாள். கழுத்தில் கயிறு. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே. தன்னை அறியாமல் கை கழுத்துக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை, வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது, கை மட்டும் இன்னும் போகிறது. தாலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்ததே, ஏன் சொல்லவில்லை நீ. சொல்லியிருக்க மாட்டாள். தாலி இழந்தவளுக்கு அந்த வார்த்தை சபையில் வாயில் வராது. தையல்நாயகிக்கே முதல் வருஷம் வரவில்லை, கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படிக்காமல் மூடி வைத்தாள். கட்டினார் என்றாள் சவேரி. அதற்கு மேலே எதற்கு, தமிழ் தெரிந்தவனுக்கு அது போதும் என்று நினைத்தாள். மொழிபெயர்ப்பவனுக்கும் தமிழ் தெரியும்தானே.

தெரியும். அதுதான் இடிக்கிறது. இத்தனை நம்பிக்கையாக ஓடிக்கொண்டிருந்த மனசு அங்கே வந்து நின்றது, ஆணியில் புடவை மாட்டிய மாதிரி. தமிழ் தெரிந்த ஒருவன் கழுத்தில் கயிறு என்று கேட்டுவிட்டு அதைப் பிணைத்தல் என்று எழுதுவானா. ஒருவேளை அது பிணைத்தலேதானோ. மறந்துவிடக் கூடாது, அந்தத் துறைமுகத்தில் இருந்து பஞ்ச காலத்தில் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி விற்றிருக்கிறார்கள், அந்தப் பதிவேடுகளையும் அவள் பார்த்திருக்கிறாள், பேருக்குப் பக்கத்தில் வயசு, வயசுக்குப் பக்கத்தில் பல் எப்படி என்ற குறிப்பு. கயிறுகள் இருந்தன. கழுத்துகளும் இருந்தன. கேப்டன்மார்கள் எல்லோரும் உபதேசியாரைக் கூப்பிட்டுக் கட்டவில்லை. மறுபடியும் அந்தப் பதிலைப் பார்த்தாள், எதைக்கொண்டு கட்டினார். கயிறு என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை, பயறு அளவு. கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். மஞ்சள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அந்த இரண்டு எழுத்தில்தான் முடியும். வேறு சொற்களும் முடியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்தாள், ஓட்டை பெரிதானது, அவ்வளவுதான். மஞ்சள் மஞ்சள் என்று மனசு சொல்கிறது. மனசு சொல்கிறது என்பதற்காக ஓட்டையில் மஞ்சளைத் தடவ முடியுமா. இந்தப் பொம்பளைக்காக நான் ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிறவள் மொழிபெயர்க்கக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்தது எந்த மேலதிகாரியும் இல்லை. காசாம்பு.

காசாம்பு நினைவில் வந்துவிட்டாள். வருவாள் என்று தெரியும், மூன்று மாதமாகவே அறை வாசலில் நின்றுகொண்டிருந்தவள். 1996, ஐப்பசி, ஜன்னலுக்கு வெளியே மழை, ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரைக்கு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மேசையில் ஒரு வாரிசு வழக்கு. கரண்டு கம்பத்தில் ஏறி வேலை பார்த்த ஒருத்தர் ஷாக் அடித்து இறந்துபோனார், நான்தான் சம்சாரம் என்றாள் காசாம்பு, இல்லை என்றான் அவருடைய அண்ணன். காசாம்புக்கு அது இரண்டாம் தாரம், முதல் புருஷன் செத்துப்போனவன், மேளம் இல்லை, பத்திரிகை இல்லை. ஊர்ல பேசி எங்கள சேத்து வச்சாங்க, என்று சாட்சிக் கூண்டில் சொல்லியிருந்தாள். கீழ்க்கோர்ட்டு நீதிபதி அந்தப் பக்கத்து ஆள், அவருக்கு அது என்னவென்று தெரியும், கல்யாணம்தான் என்று தீர்ப்பு எழுதினார். அண்ணன் அப்பீல் போனான். அப்பீலுக்கு இவள் ஆங்கிலத்தில் ஆக்கினாள். சேர்த்து வைத்தார்கள், சேர்ந்து வாழ வைத்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை. அவளுக்கு அந்த வழக்கம் தெரியாததா, அவள் ஊரிலேயே இரண்டு பேரை அப்படிச் சேர்த்து வைத்திருந்தார்கள், பந்தியில் அவளே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தெரியும். தெரிந்தே, மணி நாலு அம்பதுக்கு, கை தானாக நேர் வார்த்தையைப் போட்டது, சரிபார்த்தாள், ஒரு பிழையில்லை, கையெழுத்துப் போட்டாள், குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சேர்ந்து வாழ்ந்ததாக அந்தப் பெண்ணே ஒப்புக்கொள்கிறாள், திருமணம் நடந்ததாகச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறாள். இதே வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் இதே வார்த்தை. காசாம்பு நகல் வாங்க ஆபீஸுக்கு வந்தாள், பச்சைக் கண்டாங்கி, கையில் மஞ்சள் பை, கௌண்டரில் நின்று, "நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? நான் சொன்னத யாரு மாத்துனது?" என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தையல்நாயகி இரண்டாவது மேசையில் தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே சீவின பென்சிலைச் சீவினாள். யாரும் மாத்தலம்மா, உள்ளதத்தான் எழுதியிருக்கு, என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அது உண்மைதான். அந்த உண்மையைத்தான் இருபத்தெட்டு வருஷமாக விழுங்க முடியவில்லை. ஆகவே தெரியும், இந்த 1812 மொழிபெயர்ப்பாளனை அவளுக்கு நன்றாகத் தெரியும். லஞ்சம் வாங்கவில்லை அவன், வஞ்சம் இல்லை, மணி நாலு அம்பது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. வார்த்தைக்கு வார்த்தை போட்டான். பிழையில்லை என்று சந்தோஷப்பட்டிருப்பான்.

போன் மேசைமேல் அதிர்ந்தது. குணசீலன் நிமிர்ந்து பார்த்தார். எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். நாகப்பட்டினத்தில் கல் செதுக்குகிற அருளப்பன். "அம்மா, அந்த வரி என்னாச்சு? எல்லாம் வெட்டி முடிச்சாச்சு, ஒரு எடம் மட்டும் வெறிச்சுனு கெடக்கு. இன்னிக்கு வெட்டுனாத்தான் நாளைக்கு பாலிசு போட முடியும்."

"அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்னுதானே சொன்னேன் அருளப்பா? இப்ப மணி மூணுதான்."

"இல்லம்மா, மனைவின்னா மூணெழுத்து, வேற எதாச்சும்னா நீளமா வரும், எடத்த அளந்து வச்சுக்கிடலாமேன்னு கேட்டேன். நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தைக்கு இம்புட்டு நேரமா?"

"ஒரு வார்த்தைக்குத்தான் நேரம் ஆகும்" என்றாள். போனை வைத்தாள். தாழ்வாரத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். காலையில் இருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, பையில் எலுமிச்சை சாதம் இருக்கிறது, இருக்கட்டும். திரும்பி வந்து உட்கார்ந்தாள். தையல்நாயகி, ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்காதே. ஓட்டையில் ஒன்றும் கிடையாது. ஒரு சாட்சி ஒரே இடத்தில் மட்டும் உண்மை சொல்ல மாட்டாள், உண்மையாக இருந்தால் அது வேறு இடத்திலும் தலைகாட்டும், இது முப்பத்திரண்டு வருஷத்துப் பாடம். மேலே படி. பதினொன்றாம் கேள்வி, பிள்ளைகள் எத்தனை. இரண்டு. பன்னிரண்டு, கேப்டன் உன்னை அடித்ததுண்டா. பதில், சிரிக்கிறாள், என்று குறிப்பு. அட. கோர்ட்டில் நின்று சிரித்திருக்கிறாள். வீடு போகப் போகிறது, எதிரே சிவப்பு முகங்கள், அவரா அடிப்பார் என்று அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. குமாஸ்தா அதையும் விடாமல் எழுதினானே, அவன் நன்றாக இருக்கட்டும். பதின்மூன்று, கப்பலில் என்ன சரக்கு, தெரியாது. பதினான்கு உதிர்ந்துபோயிருந்தது. பதினைந்தாம் எண் பக்கத்தின் அடியில் இருந்தது, பாதி வரி மடிப்புக்குள். நகத்தால் தொடாமல், காகிதத் துண்டைச் செருகி, மடிப்பை மெதுவாக நிமிர்த்தினாள்.

அந்தக் கயிறு இப்போது உன்னிடம் இருக்கிறதா. இல்லை. எங்கே. அவர் இறந்த சேதி கப்பலில் இருந்து படகில் வந்தது, அன்றைக்குப் பெண்கள் கூடி அதை அறுத்துவிட்டார்கள்.

அதற்குக் கீழே தம்பி தரப்பு வக்கீலின் வாதம், எஜமானர் இறந்ததும் கட்டு அறுக்கப்பட்டு அவள் விடுவிக்கப்பட்டாள், அடிமை என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்.

தையல்நாயகி பென்சிலைக் கீழே வைத்தாள். அறையில் இன்னும் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் இருமினார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெண்கள் கூடி அறுத்துவிட்டார்கள். எந்த ஊரில் அடிமையின் கட்டைப் பெண்கள் கூடி அறுப்பார்கள், எஜமானன் செத்தான் என்ற சேதி வந்த கையோடு. அந்தக் காலை நேரமோ சாயங்காலமோ, கரையில் படகு தட்டுகிற சத்தம், தெருவில் ஓடிவருகிற கால்கள், யாரோ ஒருத்தி தோளைப் பிடித்து உட்கார வைக்கிறாள், யாரோ பிள்ளைகளை அப்புறம் கூட்டிக்கொண்டு போகிறாள், சவேரி எதுவும் பேசியிருக்க மாட்டாள், தையல்நாயகியும் பேசவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்காரர் உடலோடு வண்டி வந்தபோது கூடத்தில் நின்றபடி வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள், பத்தொன்பது ஜோடி. ஓட்டையில் என்ன நிறம் இருந்தால் என்ன. கயிறு எப்படி அவிழ்ந்தது என்பதில் இருக்கிறது அது என்ன கயிறு என்பது. இது ஆசை இல்லை. ஆசையை அவளுக்குத் தெரியும், அது ஈரமாக, அவசரமாக இருக்கும். இது காய்ந்த தரை மாதிரி இருக்கிறது, காலை அழுத்தி வைக்கலாம். அழுகிறோமா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காகிதத்தின்மேல் சொட்டிவிடக் கூடாதே. இல்லை, கண் வறண்டுதான் இருந்தது. வாக்குமூலப் பக்கங்களை நகல் எடுக்கச் சீட்டு எழுதினாள், கையெழுத்து அச்சு மாதிரி நேராக விழுந்தது. வீடு திரும்பக் கிடைக்கப் போவதில்லை. அது எப்போதோ கைமாறி இடிந்து, இப்போது அங்கே வலை காய்கிறது, போன மாதம் போய்ப் பார்த்தாயிற்று. ஆனால் அந்த வரி, ஒப்புக்கொள்கிறாள் என்ற அந்த வரி, இன்றோடு செத்தது.

நாலரைக்கு டோரீன் வந்துவிட்டார். பூப்போட்ட கவுன், கையில் குடை, ஆட்டோக்காரனோடு சண்டை போட்ட கோபம் முகத்தில் இன்னும் இருந்தது. படிக்கும் அறையில் பேசக் கூடாது என்பதால் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தையல்நாயகி சுற்றி வளைக்கவில்லை. நகலை மடியில் விரித்து ஒவ்வொரு கேள்வியாக, ஒவ்வொரு பதிலாக, முதலில் இங்கிலீஷில் உள்ளபடி வாசித்தாள், பிறகு சவேரி சொல்லியிருக்கக்கூடிய தமிழில் சொன்னாள். கழுத்தில் என்ற இடத்தில் டோரீன் முகம் சுருங்கிற்று, ஆன்ட்டி மேபலின் குரல் கேட்டிருக்கும். பதினைந்தாம் கேள்வியைத் தமிழில் சொன்னபோது அந்த முகம் மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்தது.

"அறுத்தாங்களா?"

"ஆமா மிஸ். பொம்பளைங்க கூடி."

"மை காட். அப்ப அது தாலி."

"தாலிதான்."

டோரீன் குடையின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "அந்த டர்ட்டி வக்கீல்" என்றார். அப்புறம், "எங்க அப்பாவும் கேட்டுட்டுத்தான் இருந்தார் நாயகி, மேபல் சொல்றப்பல்லாம். ஒண்ணும் சொல்ல மாட்டார். சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவார். அவருக்கு இது தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. மூக்கைச் சிந்தினார். டீச்சர் குரல் திரும்ப வந்தது. "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. இதே தமிழு தெரிஞ்ச ஒருத்தன்தானே அன்னிக்கு எழுதினான்? அவன் தப்பா எழுதினான், நீ சரின்னு எப்படி இவ்ளோ நிச்சயமா சொல்ற? எனக்குக் கல்லுல வெட்டணும்."

இந்தக் கேள்வி வரும் என்று தையல்நாயகி எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் பதில் ஏற்கெனவே வாய்க்கு வந்திருந்தது. "ஏன்னா நானும் அவன மாதிரி எழுதியிருக்கேன் மிஸ்" என்றாள். சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரிடம்கூட அவர் இருக்கும்வரை சொல்லாததை, தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காசாம்பு பேரோடு, மழையோடு, ஐந்து மணி பஸ்ஸோடு, சீவின பென்சிலோடு முழுசாகச் சொன்னாள். குறைத்துச் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. "வார்த்தைக்கு வார்த்தை சரியா இருக்கும், ஆனா அந்தப் பொம்பள அதுல இருக்க மாட்டா. அந்த மாதிரி எழுதறது எப்படின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இது அந்த மாதிரிதான்னு என்னால சொல்ல முடியுது. நீங்க தைரியமா வெட்டலாம். கேஸ் எண், பக்கம் எண் எல்லாம் போட்டு, இது என் மொழிபெயர்ப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நாளைக்கு யார் கேட்டாலும் என்னக் கேக்கட்டும்."

டோரீன் போனை எடுத்து நீட்டினார், நீயே சொல் என்பது மாதிரி. அருளப்பன் முதல் மணியிலேயே எடுத்தான். "மனைவி" என்றாள் தையல்நாயகி. "அதாம்மா நானும் நெனச்சேன், எடமும் அதுக்குத்தான் விட்டிருக்கேன். 'கேப்டன் மெரிடன் அவர்களின் மனைவி'ன்னு மேல, பேரு கீழ, சரிதானே?" சரிதான். உளி கல்லில் விழுகிற முதல் சத்தம் போனை வைப்பதற்குள் கேட்டது. டோரீன் சிலுவை போட்டுக்கொண்டார். எழுந்து நின்று கவுனைத் தட்டிவிட்டார், குடையைக் கக்கத்தில் இடுக்கினார். புறப்படப் போகிறார் என்று தையல்நாயகியும் எழுந்தாள். அவர் புறப்படவில்லை.

"அந்த லேடி, காசாம்பு. உயிரோட இருக்காங்களா?"

"தெரியாது மிஸ்."

"அப்ப என்ன வயசு அவங்களுக்கு?"

"முப்பது, முப்பத்திரண்டு இருக்கும்."

"அப்ப இப்ப அறுபதுதான். என்னவிட சின்னவங்க." டோரீன் இவள் கையைப் பிடித்துக்கொண்டார், கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையின் கையைப் பிடிப்பது மாதிரி, வலிக்காமல், விடாமல். "இருநூறு வருஷத்துக்கு முன்னால இருந்த பொம்பளய, பேரே இல்லாதவள, நீ மூணு மாசத்துல கண்டுபிடிச்சுக் கொடுத்துட்ட. இது வெறும் இருபத்தெட்டு வருஷம், நாயகி."

போய் என்ன சொல்வது, அப்பீல் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, செத்துப்போன கேஸ், அண்ணனும் செத்திருப்பான், காகிதத்தில் இனி ஒன்றும் மாறாது. மனசு இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனது, அடுக்கி முடித்துவிட்டு நின்றது. நீ எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை, மாற்றியது நான்தான், என்று சொல்வதற்கு எந்தக் கோர்ட்டும் வேண்டாம். அவள் திட்டட்டும். கதவைச் சாத்தட்டும். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாலும் கொடுப்பாள். உள்ளே குணசீலன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாகக் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. காசாம்பு வழக்கின் முதல் தாளில் வாதியின் பேருக்குக் கீழே இருந்த விலாசம், தையல்நாயகியே தட்டச்சு செய்தது, தேட வேண்டியிருக்கவில்லை, மனசிலேயே இருந்தது, கீழப்புளியங்குடி, மேலத்தெரு, கதவு எண் நாற்பத்தொன்று. விருத்தாசலத்தில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். காலையில் ஆறு மணிக்கு ஒரு வண்டி இருக்கிறது.